காட்டேரிக்கும் ஒரு வாய் ரொட்டி

கரகோல்
மே 4

டேய் குபாத்,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. பட்டாளத்துக்குப் போனவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். காலில் கொப்புளம், வயிற்றில் பசி, வாயில் பொய். அம்மாவுக்கு மட்டும் "நல்லா சாப்பிடறேன்" என்று எழுது, அது போதும்.

நீ பஸ் ஏறும்போது அம்மா கையிலிருந்த ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போனாயே, அதை வெள்ளைத் துணியில் கட்டி அடுக்களை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். நீ திரும்பி வந்து மீதியைத் தின்றாக வேண்டும். இப்போதே அது கல்லாகிவிட்டது. நீ வரும்போது பல் வைத்தியர் தேவைப்படுவார்.

பல் வைத்தியர் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. உன் சவுலே. அல்மாட்டியில் பகலெல்லாம் ஊரார் பல்லைப் பிடுங்கிவிட்டு, மிச்ச நேரத்தில் உங்கள் கணினி விளையாட்டுக் கூட்டத்துக்குத் தலைவியாக இருக்கிறாளே, அவள்தான். பஸ் ஜன்னல் வழியாக விளையாட்டின் கடவுச்சொல் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை என் கையில் திணித்து, "அக்கா, என் ஆளைச் சாகவிடாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ஏழு கோட்டை என்றால் என்ன, துமான் என்றால் யார், ஒன்றும் தெரியாமல் கணினியைத் திறந்தேன். தாடி வைத்த ஒரு வைத்தியன் குதிரையோடு நிற்கிறான். அவன்தான் நீயாம். அந்தத் தாடி உனக்கு இந்த ஜென்மத்தில் முளைக்காது.

உள்ளே போன நிமிடமே சவுலே பிடித்துக்கொண்டாள். "துமான்! உன்னையத்தான் தேடிட்டு இருந்தோம்!" நான் அவனுடைய அக்கா என்றேன். "அக்காவா? பிளக்கைப் புடுங்கின அக்காவா?" என்றாள். என் புகழ் அல்மாட்டி வரை போயிருக்கிறது, நன்றி.

விஷயம் இதுதான். ஜூன் 2ஆம் தேதி உங்கள் விளையாட்டில் செந்நிலா வருகிறதாம். வருஷத்துக்கு ஒரு தடவை. அன்றைக்குக் கூட்டம் முழுக்க ரத்தக்காட்டேரியாக மாறப் போகிறார்களாம். நிலத்துக்கு அடியில் இருக்கும் ஒரு நகரத்துக்குள் காட்டேரிகள் மட்டும்தான் நுழைய முடியுமாம். துமானும் மாறினால் கூட்டத்தில் இருப்பான், மாறாவிட்டால் மேலேயே தனியாக நிற்பான். ஒரு தடவை மாறிவிட்டால் திரும்ப மனிதனாக முடியாது. உடனே பதில் எழுது. என்ன செய்யட்டும்?

அம்மாவிடம் கேட்டேன். "நம்ம வீட்ல யாரும் ரத்தம் குடிக்க மாட்டாங்க, எழுது அவனுக்கு" என்றாள். எழுதிவிட்டேன்.

பெகிமாய்


நரின் மலை முகாம்
மே 14

அக்கா,

உன் கடிதத்தை மூன்று பேர் படித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. இங்கே கடிதம் வந்தால் எல்லோருக்கும் வந்த மாதிரி. பக்கத்துக் கட்டில் அஸ்கத் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். தாடி விஷயத்தில் உன் கட்சியாம் அவன்.

போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். கொடுத்தாலும் இந்த மலையில் சிக்னல் கிடையாது. சாமான் வண்டி எப்போது வருகிறதோ அப்போதுதான் தபால். மழை பெய்து பாதை சரிந்தால் அதுவும் இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். இது பொய் என்று உனக்குத் தெரியும்.

காட்டேரி விஷயம். யோசித்து எழுதுகிறேன். அவசரப்படாதே. சவுலே கத்துவாள், கத்தட்டும். அவள் நல்லவள்.

ஒரே ஒரு வேலை மட்டும் செய்வாயா? விளையாட்டில் ஏரிக்கரை வழியாக மேற்கே போனால், பழைய மாவு ஆலையைத் தாண்டி ஒரு தனி வீடு வரும். துமானுக்குக் கதவு தானாகத் திறக்கும். உள்ளே போய் அடுப்பை மூட்டிவிட்டு வா. மேசைமேல் ரொட்டி அடுக்கியிருக்கும், அதைத் தொடாதே. வாரத்துக்கு ஒரு தடவை போனால் நல்லது. யாருடைய வீடு என்று கேட்காதே, பிறகு சொல்கிறேன்.

குபாத்

குதிரைக்கு வைக்கோல் போடு. பட்டினி கிடந்தால் ஓடிவிடும், அப்புறம் பிடிப்பது கஷ்டம்.


கரகோல்
மே 23

குபாத்,

குதிரை ஓடிவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே. பிடித்தும் விட்டேன், கவலைப்படாதே. சவுலே சொல்லிக் கொடுத்தாள்.

ஏரிக்கரை வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. ஆலைக்கு இந்தப் பக்கமே ஓநாய்கள் நிற்கின்றன. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் துமானைக் கடித்துக் குதறிவிட்டன. ஊர்க் கோயில் மணியடிக்கும் இடத்தில் கந்தல் துணியோடு எழுந்து நிற்கிறான் பாவம். மருந்துக்கடையில் மதியம் ஆள் வராத நேரத்தில்தான் விளையாடுகிறேன். ஒரு பாட்டி இருமல் மருந்து கேட்டு நிற்க, நான் திரையைப் பார்த்து "ஐயோ கடிக்குது, கடிக்குது" என்று கத்தியிருக்கிறேன். அவள் மருந்து வாங்காமலே போய்விட்டாள்.

யோசித்து எழுதுகிறேன் என்று எழுதினாய். உன் யோசனை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் ஐஸ் வாங்கப் போனால் கடைக்காரன் கடையைச் சாத்தும் வரை யோசிப்பாய்.

இப்போது கொஞ்சம் மனசு விட்டு எழுதப் போகிறேன், கோபப்படாதே.

அப்பா போன நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஊரே வந்திருந்தது. நான் கூடத்துக்கும் அடுக்களைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டின் ஒரே மகன் உள்அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாட்டில் இருக்கிறான். பிளக்கைப் பிடுங்கினேன். எல்லோர் முன்னாலும் பிடுங்கியது தப்பு, பிடுங்கியது தப்பில்லை. அதற்குப் பிறகு பஸ் ஏறும் நாள் வரை நாம் "உப்பை எடு", "கதவைச் சாத்து" என்பதைத் தவிர என்ன பேசினோம்?

எனக்கும் மனசில் ஒன்று இருக்கிறது. பக்கவாதம் வந்து அப்பா படுத்த நாளிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் தனியாக ஓர் உலகம் கிடைத்துவிட்டது. நான் பிஷ்கெக்கில் ஓட்டல் வரவேற்பில் நின்றுகொண்டிருந்தேன். போன் செய்தால் அப்பா, "இன்னிக்கு வண்டில கோதுமை ஏத்திட்டு மூணு கோட்டை தாண்டினேன்மா" என்பார். இருபது வருஷம் பிஷ்கெக் ரோட்டில் மினிபஸ் ஓட்டியவர், ஒரு கை விளங்காமல் போன பிறகும் எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியாது. "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்பேன். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஒரு நாளாவது "நீயும் வா" என்று கூப்பிட்டீர்களா? அதைத்தான் கேட்கிறேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனோ என்னவோ. ஆனால் கூப்பிடவில்லை.

போகட்டும். சவுலே தினமும் உன்னைப் பற்றிக் கேட்கிறாள். ஓஷிலிருந்து ஒருவன், தாஷ்கண்டிலிருந்து இரட்டையர் இருவர், எல்லோரும் கேட்கிறார்கள். "துமான் இல்லாம நாங்க போக மாட்டோம்னு சொல்ல ஆசைதான் அக்கா. ஆனா போயிடுவோம்" என்று உண்மையைச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது. நீ மலையிலிருந்து இறங்கி வரும்போது உனக்கென்று நாலு பேர் இருக்க வேண்டும். அவர்களுக்குக் கோரைப்பல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 2க்குள் உன் பதில் வராவிட்டால் நானே முடிவெடுப்பேன்.

பெகிமாய்

என் முடியைப் பார்த்து அம்மா இன்னும் புலம்புகிறாள். பையன் மாதிரி வெட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது, புலம்பல் மட்டும் குறையவில்லை.


நரின் மலை முகாம்
மே 28

அக்கா,

மாற்றாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை. துமானைக் காட்டேரி ஆக்காதே.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடி நாற்பதாம் நாள் சண்டைக்குத்தான் போய் நிற்போம் என்று பயந்தேன்.

ஏரிக்கரை வீடு அப்பாவுடையது. மினிபஸ் ஓட்டிய காசில் கட்ட முடியாத வீட்டை அங்கே ஒற்றைக் கையால் கட்டினார். அடுப்பு, மேசை, வண்டி நிறுத்த ஒரு கொட்டகை. நாளெல்லாம் ரொட்டி சுடுவார். "இவ்ளோ ரொட்டி யாருக்குப்பா?" என்று கேட்பேன். "வர்றவங்களுக்குடா" என்பார். கதவைத் திறந்து போட்டுவிடுவார். வருகிறவன் போகிறவன் எல்லாம் சாமான் பெட்டியில் இருப்பதை அள்ளிக்கொண்டு போவான். நான் கத்தினேன். கடைசியில் ஒரு நாள், "பூட்டிட்டேன்டா, போதுமா?" என்றார். எனக்கு எப்போதும் கதவு தானாகத் திறக்கும். நான் அந்த வீட்டுப் பையன் என்று விளையாட்டுக்குத் தெரியும்.

அந்த விளையாட்டில் காட்டேரிக்குக் குடும்பம் கிடையாது. மாறிய நிமிடமே எல்லா வீட்டுக்கும் அவன் வெளியாள். வீட்டுக்காரரே வாய் திறந்து "உள்ளே வா" என்று சொன்னால்தான் வாசற்படி தாண்ட முடியும். அப்பா இனிமேல் எப்படிச் சொல்வார்?

அடுப்பு இரண்டு மாதத்துக்கு மேல் எரியாமல் கிடந்தால் வீடு பாழாகும். முதலில் கூரை விழும், அப்புறம் சுவர், கடைசியில் புல் முளைத்த வெறும் மேடு. நான் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் மூட்டினேன்.

நாற்பதாம் நாள் நான் உள்ளே விளையாடிக்கொண்டிருக்கவில்லை. சவுலேயும் மற்றவர்களும் அவரவர் ஊரிலிருந்து வந்து அப்பா வீட்டு முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். நாம் நேரில் பார்த்திராத நாலு பேர் அப்பாவுக்காக வந்து நின்றார்கள் அக்கா. அப்போதுதான் திரை இருண்டது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

உன்னைக் கூப்பிடவில்லை என்று எழுதியிருந்தாய். அது உண்மைதான்.

கூட்டம் போனால் போகட்டும். எனக்கு அந்தக் கதவு வேண்டும்.

குபாத்


கரகோல்
ஜூன் 8

குபாத்,

உன் கடிதம் ஜூன் 6ஆம் தேதிதான் வந்தது. பாதை சரிந்திருந்ததாம். தபால்காரரிடம் கத்தினேன், அவர் என்ன செய்வார்.

மாற்றிவிட்டேன்.

செந்நிலா அன்றைக்கு மதியம் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். சவுலே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "நல்லா யோசிச்சியா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "அவன் தனியா நிக்கக் கூடாது, கொடு" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் தெரியுமா? தாடி உதிர்ந்தது, முகம் வெளுத்தது, எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பிக்கு நல்லது செய்துவிட்டேன் என்று அன்றைக்கு அஷ்லான்ஃபூ நூடுல்ஸ் வாங்கி வந்து அம்மாவும் நானும் சாப்பிட்டோம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சவுலேயிடம் ஓடினேன். திரும்ப முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன், எழுத்தில் எப்படித் தெரியும். "அவன் இன்னும் அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வர்றத எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றாள். முற்றத்தில் நின்றவர்களிடம்கூட நீ சொல்லவில்லை. ஏன்டா எல்லாவற்றையும் இப்படி வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறாய்?

நாற்பதாம் நாள் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானும் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு நாளாகக் கணினியைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்கினேன், இப்போது இது; அப்பா வீட்டுக் கதவை உனக்கு இரண்டாம் தடவை பூட்டிவிட்டேன்.

பெகிமாய்


நரின் மலை முகாம்
ஜூன் 17

அக்கா,

கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது. சமையல் கூடத்தில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு உரித்தேன், அதோடு போய்விட்டது.

நீ எனக்காகத்தான் செய்தாய். அது எனக்குத் தெரியும்.

மாதக் கடைசியில் கூரை விழும். அந்தப் பக்கம் போகாதே. அது விழுவதை நம்மில் யாரும் பார்க்க வேண்டாம்.

அம்மாவுக்கு முத்தம்.

குபாத்


கரகோல்
ஜூன் 28

குபாத்,

போகாதே என்று எழுதியிருந்தாய். போனேன். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

வியாழக்கிழமை அம்மா அப்பாவுக்காக எண்ணெய் காயவைத்து, மாவை வெட்டிப் போட்டுப் போர்சோக் சுட்டாள். வீடெல்லாம் அந்த மணம். நான் அழுதுகொண்டே உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, "கூரை விழற வீட்டுக்குப் போகாம இருக்கறது மரியாதையா? வாசல் வரைக்குமாவது போய் நின்னுட்டு வா. நானும் வரேன்" என்றாள். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, விருந்துக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

விளையாட்டில் இருட்டும் வரை காத்திருந்து கிளம்பினோம். வெயில் பட்டால் துமான் எரிந்துவிடுவானே. ஆலைப் பக்கம் அதே ஓநாய்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஏய், கண்ணத் திற, ஓடுது பாரு!" என்றாள் அம்மா. காட்டேரியைக் கண்டால் ஓநாய்க்குப் பயமாம். வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின. மனிதனாக இருந்தபோது என்னால் தாண்ட முடியாத பாதை அது.

வீடு நின்றுகொண்டிருந்தது. கூரை ஓரத்தில் மட்டும் ஓட்டை. வாசற்படி முன்னால் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. உனக்குத் தானாகத் திறக்கும் கதவு. அம்மா சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

நின்றுவிட்டுத் திரும்பத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வீட்டு வாசல் வரை போய்விட்டுத் தட்டாமல் எப்படி வருவது? தட்டினேன்.

அப்பா பேசினார் குபாத். திரையில் எழுத்தாக வந்தது, ஆனால் அது அப்பாதான். வெளியாட்களுக்காக அவர் தன் பெயர் போட்டு எழுதி வைத்த வரவேற்பு. நீ வீட்டுப் பையன், நேராக உள்ளே போய்விடுவாய், அதனால் உன் கண்ணில் இது பட்டதே இல்லை. உன் மற்றக் கூட்டாளிகளும் முற்றத்தோடு நின்றுவிட்டார்கள், யாரும் தட்டவில்லை. ஓர் எழுத்து விடாமல் எழுதுகிறேன்:

"வாசல்ல நிக்காதீங்க. மனுஷனோ பேயோ, யாரா இருந்தாலும் உள்ள வாங்க. ரொட்டி மேசைமேல இருக்கு, ஒரு வாய் வெச்சுட்டுப் போங்க. அவசரம்னா நின்னுட்டே சாப்பிடுங்க. பெட்டில எதையாவது எடுத்தா மூடியை மூடிட்டுப் போங்க, என் பையன் பாத்தா கத்துவான். இன்னொண்ணு. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. முடிய குட்டையா வெட்டியிருப்பா, கோவமா இருப்பா, ஆனா நல்லவ. அவளுக்கு இந்த ஊர் வழி தெரியாது. எங்கயாவது பாத்தா, வீடு இதுதான்னு சொல்லி அனுப்புங்க. கதவு பூட்டல. கசிமாலி."

கதவு திறந்தது.

பூட்டவே இல்லை, பார். காட்டேரியையும் விடலாமா என்று வீட்டுக்காரரிடம் விளையாட்டு தனியாகக் கேட்குமாம். எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்களாம். சவுலே இதைக் கேட்டதும், "உங்கப்பா ஒருத்தர்தான் சரின்னு சொல்லியிருப்பார்" என்றாள்.

அம்மா அழுதாள். நானும்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "முடிய பத்தி அவரும் சொல்லியிருக்கார் பாத்தியா?"

அடுப்பை மூட்டினேன். விருந்தாளி மூட்டினாலும் எரியும். கூரை ஓட்டை மூடிக்கொண்டது. மேசையில் ரொட்டி அடுக்கியிருக்கும் என்றாய். ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இந்த இரண்டு மாதத்தில் யார் யாரோ வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டி மூடியிருந்தது.

தொடாதே என்றாய். அவர் சாப்பிடு என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? எடுத்தேன். காட்டேரிக்கு மனிதச் சாப்பாடு நெருப்பு, வேண்டுமா என்று இரண்டு தடவை எச்சரித்தது. அம்மா, "சுட்டா சுடட்டும், ஒரு வாய் வை. வாசல் தாண்டிட்டு ரொட்டி தொடாம வரக் கூடாது" என்றாள். ஒரு கடி கடித்தேன். உன் துமானின் பாதி உயிர் போய்விட்டது. மன்னித்துக்கொள்.

மீதியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பெகிமாய்


நரின் மலை முகாம்
ஜூலை 9

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு அஸ்கத் படித்தான். பிறகு எங்கள் ஹவில்தார் "என்னடா கூட்டம்" என்று வந்து பிடுங்கிப் படித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே போனார். அன்றைக்கு யாருக்கும் ஓட்டம் இல்லை.

"பூட்டிட்டேன்டா" என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார் அக்கா! இப்படி ஒரு பொய்யனை நான் பார்த்ததில்லை. யார் வந்து அள்ளிக்கொண்டு போனாலும் சரி, வழி தெரியாமல் ஒருத்தி வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நான் பெட்டியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேன்.

துமானைப் பற்றிக் கவலைப்படாதே. அவனுக்குக் கூட்டமும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. பாதி உயிர் போதும் அவனுக்கு.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ அந்த வீட்டுக்குள் என் பெயரில் போனாய். அப்பா காத்திருந்தது எனக்காக இல்லை. கணினியைத் திற. உன் பெயரில் ஓர் ஆளை உருவாக்கு. முடியைக் குட்டையாக வை. காட்டேரி ஆகாதே, மனுஷியாகவே இரு. ஓநாய் நிற்கும் இடத்தில் சவுலேயைத் துணைக்கு வரச் சொல், அவளைக் கண்டாலே ஓடிவிடும்.

அந்த வீட்டுக்கு நீயும் வெளியாள்தான், அதனால் கதவு தானாகத் திறக்காது. தட்டு. அவர் மறுபடியும் சொல்வார், இந்தத் தடவை உன்னிடமே சொல்வார். உள்ளே போய் நீ வைத்துவிட்டு வந்த மீதியில் ஒரு வாய் சாப்பிடு.

மனிதர்களுக்கு அது சுடாது, அக்கா. நீயும் வா.

குபாத்